கேபிள் உறையில் ஓடும் மின்சாரத்துக்கு எங்கள் வீடுகள் பொறுப்பல்ல: கேபிள் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதிக்குச் சிக்னல் வழங்கும் கேபிள் நிறுவனத்தின் நிர்வாகத்தாருக்கும், அதை எங்கள் தெருக்களுக்குக் கொண்டுவரும் உள்ளூர் கேபிள் உரிமையாளருக்கும்,

சந்தாதாரர்களின் கைப்பேசிகளுக்கு நீங்கள் சென்ற மாதம் அனுப்பிய அறிவிப்பைப் படித்தேன். டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒலி இரைச்சலுக்கு இடமில்லை என்றும், அப்படி இரைச்சல் கேட்டால் அது வீட்டு வயரிங் அல்லது ஸ்பீக்கரின் கோளாறு என்றும், இனி இத்தகைய புகார்கள் பதிவு செய்யப்படமாட்டா என்றும், டெக்னீஷியன் நேரில் வரவேண்டுமானால் தனிக் கட்டணம் என்றும் அதில் சொல்லியிருக்கிறீர்கள். என் வீட்டில் டிவி ஒலிக்காக வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபையரில் எல்லாச் சேனலிலும் ஓர் உறுமல் கேட்டுவந்தது. அதனால் சொல்கிறேன், இந்த முடிவு தவறானது. தவறானது மட்டுமல்ல, ஆபத்தானது. இரண்டையும் காரணத்தோடு சொல்லவே இந்த மடல்.

கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. ரேடியோவும் டிவியும் பழுதுபார்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. வால்வு ரேடியோவில் தொடங்கி, கொடைக்கானல் நிலையத்தைப் பிடிக்க உயரமான குழாயில் ஆன்டெனா கட்டிய காலம், தெருவுக்கு முதன்முதலாகக் கேபிள் வந்த காலம் எல்லாவற்றையும் கடைப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன். ஃபில்டர் கண்டென்சர் போனால் வரும் உறுமல் ஒரு விதம், எர்த் சரியில்லாமல் வருவது இன்னொரு விதம், ஸ்பீக்கர் காகிதம் கிழிந்தால் வரும் கரகரப்பு வேறு. காதால் கேட்டே பிரித்துச் சொல்லப் பழகியவன் என்பதால்தான் உங்கள் அறிவிப்பைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் முதல் வரியில் பாதி உண்மை இருக்கிறது. செட்டாப் பாக்ஸுக்கு வரும் சிக்னல் எண்களின் ஓட்டம். பிழையில்லாமல் வந்தால் ஒலி தெளிவாகக் கேட்கும். பிழை மிகுந்தால் சொற்கள் பாதியில் வெட்டுப்படும், சில நொடி ஒலியே நின்றுபோகும், படம் கட்டம் கட்டமாகச் சிதறும். நிகழ்ச்சிக்கு அடியில் இடைவிடாமல் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கும் சத்தத்தை டிஜிட்டல் சிக்னல் உண்டாக்காது. இதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கேபிள் வழியே எங்கள் வீட்டுக்குள் வருவது சிக்னல் மட்டும்தானா?

கேபிளை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதற்கு மேல் அலுமினியத் தாளும் பின்னல் வலையும், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்புப் பிளாஸ்டிக். உறை என்று நான் சொல்வது அந்தப் பின்னல் வலையைத்தான். அது வீட்டுக்கு வீடு தனித்தனியானது அல்ல. தெருக்களுக்கு லைன் பிரியும் உங்கள் பெட்டியான நோடிலிருந்து, சிக்னலைக் கூட்டும் லைன் ஆம்ப்ளிஃபையர், லைனைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், கம்பத்தில் வீட்டுக்கு லைன் எடுக்கும் டேப் எல்லாவற்றின் உலோக உடல் வழியாகவும் தெருவின் அத்தனை செட்டாப் பாக்ஸ்களையும் அது ஒன்றாக இணைத்திருக்கிறது. நெல் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். சாக்கில் எண்ணெய் பட்டு, இறக்கி வைத்த வீட்டுத் தரையெல்லாம் கறையாகிறது என்று நாங்கள் சொல்கிறோம்.

அந்தப் பின்னலில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் கொடுத்திருக்கும் செட்டாப் பாக்ஸ்களுக்கு இரண்டு பின் அடாப்டர். இன்றைய டிவிகள் பெரும்பாலானவற்றுக்கும் இரண்டு பின்தான். அவற்றின் உள்ளே, உயர் அதிர்வெண் இரைச்சலை அடக்குவதற்காக, 230 வோல்ட் பக்கத்தையும் வெளியே வரும் பக்கத்தையும் இணைத்து ஒரு சிறு கண்டென்சர் வைத்திருப்பார்கள். அதன் வழியே எப்போதும் கொஞ்சம் மின்சாரம் கசியும். ஒரு பெட்டிக்கு அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவு. தொட்டால் புறங்கையில் லேசான சுரசுரப்பு, அவ்வளவுதான். தனிப் பெட்டியாக இருக்கும்வரை அதனால் கேடில்லை. ஆனால் எங்கள் நோடில் அறுபது வீடுகளுக்குக் குறையாமல் இருக்கின்றன. அத்தனை பெட்டிகளின் கசிவும் உங்கள் பின்னல் வலையில் வந்து சேர்கிறது. வீடுகள் மூன்று ஃபேஸ்களில் சமமாகப் பிரிந்திருந்தால் ஒன்றின் கசிவை மற்றொன்று ஓரளவு கழித்துவிடும். எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகள் ஒரே ஃபேஸில் இருக்கின்றன. சேர்ந்த மின்சாரம் மண்ணுக்கு இறங்க வழி தேடும். நோடில் எர்த் கம்பி இருந்தால் அங்கேயே இறங்கிவிடும். எங்கள் நோடில் எர்த் கம்பி இல்லை. ஆகவே தெருவில் எந்த வீட்டில் நல்ல எர்த்தும், மூன்று பின் ஆடியோ ஆம்ப்ளிஃபையரும் இருக்கின்றனவோ அந்த வீட்டைத் தேடி வந்து, செட்டாப் பாக்ஸில் நுழைந்து, ஆடியோ வயரின் உறை வழியாக ஆம்ப்ளிஃபையருக்குப் போய், அங்கிருந்து மண்ணில் இறங்குகிறது. போகிற வழியில் ஸ்பீக்கரில் உறுமுகிறது.

இது ஊகமல்ல. என் வீட்டில் சோதித்துப் பார்த்தது.

முதலில் வீட்டைத்தான் சந்தேகித்தேன். ஃபேன் ரெகுலேட்டர், எல்.இ.டி. விளக்குகள், ஃபிரிட்ஜ், கிணற்று மோட்டார் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். உறுமல் அப்படியே இருந்தது. ஆம்ப்ளிஃபையரில் பென் டிரைவ் போட்டுப் பாட்டு வைத்தேன். பாட்டுக்கு நடுவே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைச் சோதிக்கச் சொன்னேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. வயரிங்கில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பிறகு செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் உங்கள் கேபிளைக் கழற்றினேன். உறுமல் அந்த நொடியே நின்றது. இதற்கு அடுத்து நான் செய்த சோதனையை உங்கள் பொறியாளர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கனெக்டரின் நடுக்கம்பி பெட்டியைத் தொடாதபடி பிடித்துக்கொண்டு, பின்னலோடு சேர்ந்திருக்கும் வெளி வளையத்தை மட்டும் பெட்டியின் உடலில் வைத்தேன். சிக்னல் இல்லை, படம் இல்லை, சேனலே இல்லை. உறுமல் மட்டும் முழு அளவில் திரும்பி வந்தது.

அந்த வளையத்துக்கும் என் வீட்டு எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்து மில்லி ஆம்பியரில் அளந்தேன். வெறும் வோல்ட் அளந்தால் இப்படிப்பட்ட இடங்களில் மீட்டர் ஏமாற்றும் என்பதால் மின்னோட்டத்தையே அளந்தேன். மதியத்தில் 4 மில்லி ஆம்பியர். இரவு எட்டு மணிக்கு, தெரு முழுதும் டிவி ஓடும் நேரத்தில், 11 மில்லி ஆம்பியர். சாதாரண ஆடியோ வயரின் உறைக்கும் அதன் முனைகளுக்குமாகக் கால் ஓம் தடை இருந்தால்கூட, 11 மில்லி ஆம்பியர் அங்கே கிட்டத்தட்ட 3 மில்லி வோல்ட்டை உண்டாக்கும். சில நூறு மில்லி வோல்ட்டில் வரும் பேச்சொலிக்கு அடியில் அது தெளிவாகக் கேட்கும். வால்யூமைக் கூட்டினால் பேச்சோடு சேர்ந்து உறுமலும் கூடும். பாக்ஸின் வால்யூமை முழுதாக வைத்து ஆம்ப்ளிஃபையரைக் குறைத்தால் கொஞ்சம் தணிகிறது, போவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உறுதியைத் தந்தது ஒரு மின்தடைதான். மாலையில் எங்கள் லைனில் மின்சாரம் போனது. என் வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருக்கிறது. உங்கள் நோடுக்கும் பேட்டரி இருக்கிறது. ஆகவே டிவி தொடர்ந்து ஓடியது. அதே பாக்ஸ், அதே கேபிள், அதே ஆம்ப்ளிஃபையர், அதே எர்த். உறுமல் அறவே இல்லை. ஏன் என்றால் தெருவின் மற்ற பெட்டிகள் அணைந்திருந்தன, கசிவதற்கு எதுவும் இல்லை. மின்சாரம் திரும்பி வந்து, பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாக டிவி எரியத் தொடங்கியதும் உறுமலும் படிப்படியாக ஏறியது. கோளாறு என் வயரிங்கில் இருந்தால் இது நடக்காது. இந்தச் சோதனையைச் செய்ய உங்களுக்குக் கருவிகூட வேண்டாம். அடுத்த மின்தடையின்போது என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் போதும்.

ரேஷன் கடை மூலையில் உங்களுடைய இன்னொரு நோடு இருக்கிறது. அதிலிருந்து லைன் வாங்கும் வீடுகளிலும் இதே மாதிரி ஆம்ப்ளிஃபையர்கள் இருக்கின்றன, இதே பாக்ஸ்கள் இருக்கின்றன. அங்கே இந்தத் தொல்லை இல்லை. போய்ப் பார்த்தேன். கம்பத்தின் அடியில் செம்புக் கம்பி இறக்கி எர்த் செய்திருக்கிறார்கள். முன்பு வேலை பார்த்த லைன்மேன் தம் பொறுப்பில் செய்துவிட்டுப் போனது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். எங்கள் நோடுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

உங்கள் டெக்னீஷியன் வருகிறபோதெல்லாம் ஒரே வாதம்தான் வைக்கிறார்: பக்கத்து வீட்டில் சத்தமில்லை, உங்கள் வீட்டில் மட்டும் இருக்கிறது, ஆகவே கோளாறு உங்கள் வீட்டில். பக்கத்து வீட்டில் இரண்டு பின் டிவி மட்டும் இருக்கிறது. அங்கே மின்சாரம் மண்ணில் இறங்க வழியில்லை, அதனால் உறுமல் இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பாக்ஸை வெறுங்காலோடு நின்று தொட்டுப் பாருங்கள், கையை உதறுவீர்கள். அது தனிப் பெட்டியின் சுரசுரப்பு அல்ல. தெருவே சேர்ந்து கொடுக்கும் அடி. உங்கள் வாதத்தின்படி, முறையாக எர்த் செய்து வீடு கட்டியவர் குற்றவாளி ஆகிறார்.

இது காதுக்கு இதமில்லாத சத்தம் பற்றிய சில்லறைப் புகார் என்று நினைத்துவிடாதீர்கள். என் அக்காவுக்கு நீரிழிவால் பார்வை போய்விட்டது. அவர் டிவி பார்ப்பவர் அல்ல, கேட்பவர். தட்டை டிவியின் பின்பக்கத்தில் இருக்கும் சிறிய ஸ்பீக்கரில் சொற்கள் குழைந்து கேட்கின்றன என்பதற்காகத்தான் கோவையில் நல்ல ஆம்ப்ளிஃபையராகப் பார்த்து வாங்கி வைத்தேன். தொடர் நாடகத்தில் வசனம் நிற்கும் இடங்களில், கதவு திறக்கும் ஓசையையும் காலடியையும் வைத்துத்தான் யார் வந்தார், யார் போனார் என்று அக்கா தெரிந்துகொள்வார். உறுமல் நிறைந்திருப்பது சரியாக அந்த இடங்களில்தான். கண் தெரிந்தவர்களுக்குப் படம் ஈடுகொடுக்கிறது. அவருக்கு ஈடுகொடுக்க எதுவும் இல்லை. மாலையில் அரை மணி நேரத்துக்குள் தலை வலிக்கிறது என்று அணைக்கச் சொல்லிவிடுகிறார்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். மடலின் முக்கியமான பகுதி இதுதான்.

சத்தம் பொறுக்க முடியாமல் அழைத்தவர்களின் வீடுகளில் உங்கள் டெக்னீஷியன் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, கழற்றிவிட்டார். எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீடுகளில் இப்படி. பின்னை எடுத்ததும் உறுமல் நிற்கிறது. வீட்டாரும் மகிழ்ந்து கைக்காசும் கொடுத்து அனுப்புகிறார்கள். உறுமல் ஏன் நிற்கிறது? மின்சாரம் மண்ணில் இறங்கும் கடைசி வழியும் அடைபட்டதால் நிற்கிறது. அது தீர்ந்துவிடவில்லை, ஆம்ப்ளிஃபையரின் உலோக உடலில் ஏறி நிற்கிறது. அந்த வீடுகளில் ஒன்றில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் ஈரக்கை அதில் பட்டு, அவர் பின்னால் விழுந்திருக்கிறார். நல்லவேளையாகத் தோளில் அடியோடு போயிற்று. பத்து மில்லி ஆம்பியரை நெருங்கும் மின்சாரத்தில் பிடித்த கை விடுபடாமல் போகலாம் என்பது மின் தொழிலில் நுழைகிறவன் முதலில் படிக்கும் பாடம். நான் அளந்தது பதினொன்று.

நாளை அந்த ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி, 230 வோல்ட் நேராக உடலில் இறங்கினால் என்ன ஆகும்? எர்த் பின் இருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், அல்லது கசிவு கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் ஈ.எல்.சி.பி. விழுந்திருக்கும். பின் இல்லாத வீட்டில் அந்த 230 வோல்ட், ஆடியோ வயர் வழியாகச் செட்டாப் பாக்ஸுக்கும், பாக்ஸிலிருந்து உங்கள் பின்னல் வலைக்கும், அங்கிருந்து தெருவின் ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் போகும். கம்பத்தில் ஏறி வெறுங்கையால் டேப்பைத் திருகும் உங்கள் பையனின் விரலுக்கும் போகும்.

எங்கள் வீட்டில் ஈ.எல்.சி.பி. இருக்கிறது, பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். 30 மில்லி ஆம்பியரில் விழும் அந்தக் கருவி, தன் வழியாகப் போகும் ஃபேஸையும் நியூட்ரலையும் மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கும். கேபிள் வழியாக வெளியிலிருந்து வந்து ஒருவர் உடல் வழியே மண்ணில் இறங்கும் மின்சாரம் அதன் கண்ணில் படவே படாது. எங்கள் வீட்டுப் பாதுகாப்புக் கருவி எதுவும் உங்கள் கேபிளிலிருந்து வரும் மின்சாரத்தைத் தடுக்காது. அதைத் தடுக்க வேண்டிய இடம் உங்கள் கம்பம்.

பின்னைக் கழற்றிய அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. ஒரு ஏணி, ஒரு கட்டிங் பிளேயர், ஒரு சுருள் கேபிள், ஒரு இன்சுலேஷன் டேப், இவ்வளவுதான் நீங்கள் அவர் கையில் கொடுத்திருப்பது. மீட்டர் இல்லை, கையுறை இல்லை. நாளுக்கு இத்தனை புகாரை முடிக்க வேண்டும் என்று கணக்கு மட்டும் இருக்கிறது. என் வீட்டில் வளையத்தை மட்டும் தொட்டுக் காட்டியபோது, "ஐயா, இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

வீட்டுக் கோளாறே கிடையாது என்று நான் வாதிடவில்லை. சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும் ஆம்ப்ளிஃபையர் கரகரக்கும். மலிவான மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரின் முனை தளர்ந்தால் உறுமும். பழைய ஃபேன் ரெகுலேட்டர் இரையும். இவற்றுக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஒரு சேனலில் மட்டும் ஒலி கெட்டிருந்தால் அது உங்கள் கட்டுப்பாட்டு அறையிலோ ஒளிபரப்பாளரிடமோ பார்க்க வேண்டியது. ஆனால் எல்லாச் சேனலிலும் உறுமி, கேபிளைக் கழற்றியதும் நிற்கிற சத்தத்தை வீட்டுக்காரர் தலையில் கட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. கழற்றிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் புகாரையே ஏற்கமாட்டோம் என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

என் வீட்டில் மட்டும் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்துகொண்டேன். ஆன்டெனா காலத்துத் தட்டை வயரை உருண்டைக் கேபிளோடு இணைக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் பழைய பெட்டியில் கிடந்தன. இரண்டு பக்கமும் உலோகத் தொடர்பில்லாத வகை இரண்டைத் தேர்ந்து, முதுகோடு முதுகாகச் சேர்த்துக் கேபிளின் நடுவே போட்டேன். சிக்னல் போகிறது, பின்னலில் வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அங்கேயே நின்றுவிடுகிறது. உறுமல் நின்றது, அக்கா இரவுச் செய்தியை முழுதாகக் கேட்டார். இதே வேலையைச் செய்யும் ஐசலேட்டர்கள் ஆயத்தமாகவே கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பிறகு ஏன் இந்த மடல் என்று கேட்பீர்கள். என் வீட்டின் சத்தம் நின்றது. தெருவின் மின்சாரம் நிற்கவில்லை. நான் வழியை அடைத்ததால் அது வேறு வீட்டைத் தேடிப் போகும். மெக்கானிக்கைத் தேடிப் பிடிக்க முடிந்தவர் மட்டும் தப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தீர்வு என்று ஏற்க எனக்கு மனமில்லை.

இடிமின்னலையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறோம். ஆடிக் காற்றில் உங்கள் கேபிள் மின்கம்பியோடு உரசி ஆடுவதைத் தினமும் பார்க்கிறோம். சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் கறுத்துக்கொண்டு வரும் மழை இடியில்லாமல் வருவதில்லை. பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணிவரை கவனமாக இருங்கள், மின்சாதனங்களின் இணைப்பை எடுத்துவிடுங்கள் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. மக்களும் பிளக்கை எடுக்கிறார்கள். கேபிளைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தென்னந்தோப்புகளுக்கு நடுவே எர்த் இல்லாமல் நீண்டு கிடக்கும் அந்தப் பின்னல் வலை, எங்கோ விழும் மின்னலின் வீச்சை வீட்டுக்கூடம்வரை கொண்டுவரக் கூடியது.

எர்த் செய்வதற்கு இந்தியத் தரமாக ஐ.எஸ். 3043 இருக்கிறது. கேபிள் வலைப்பின்னல்களின் பாதுகாப்புக்கென்றே பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60728-ஆம் தரத்தில் 11-ஆம் பகுதி இருக்கிறது. கேபிளின் வெளி உறையைப் புவியோடும் கட்டடத்தின் எர்த்தோடும் இணைப்பது அதன் அடிப்படை. நான் கேட்பது புதுமையான எதுவும் அல்ல.

பணத்தைப் பற்றியும் ஒன்று. 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தபோது, சேனல்களின் விலை தனி, அவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான வலைப்பின்னல் கட்டணம் தனி என்று பிரித்தார்கள். முதல் 100 சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியும் கட்டத் தொடங்கினோம். அந்தப் பணம் நாடகத்துக்கோ செய்திக்கோ அல்ல. உங்கள் கம்பிக்கும் கம்பத்துக்கும் நோடுக்கும்தான். கம்பியைப் பற்றிய புகாரைக் கேட்க மறுத்துக்கொண்டே கம்பிக்கான பணத்தை மாதாமாதம் வாங்குகிறீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் வெளியிட்ட சேவைத் தர ஒழுங்குமுறைகளின்படி, சந்தாதாரரின் புகாருக்குத் தனிப் பதிவு எண் தர வேண்டும். அதில் நிறைவு இல்லையென்றால் அணுகுவதற்கு நோடல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். "இந்த வகைப் புகாரைப் பதிவே செய்யமாட்டோம்" என்று முன்கூட்டி அறிவிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அந்த அறிவிப்பும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் மட்டும் வந்தது. மலையாளம் எங்களுக்கு அந்நிய மொழி அல்ல. சந்தையிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் தினமும் பேசுகிறோம். ஆனால் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பகுதியில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த முதியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். தமிழ் சேனல் தொகுப்புக்குப் பணம் வாங்கும்போது எங்களைத் தமிழர்கள் என்று உங்களுக்குத் தெரிகிறது. பாதுகாப்பு பற்றிய செய்தியிலும் தெரிந்தால் நல்லது.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், எர்த் பின் கழற்றப்பட்ட வீடுகளுக்கு இந்த வாரமே ஆள் அனுப்புங்கள். புதிய மூன்று பின் பிளக்கை உங்கள் செலவில் பொருத்திக் கொடுங்கள். இனி எந்த வீட்டிலும் எர்த் பின்னைத் தொடக் கூடாது என்று டெக்னீஷியன்களுக்கு எழுத்தில் உத்தரவிடுங்கள். இது நாள் கடத்தும் விஷயம் அல்ல.

ஒலி இரைச்சல் புகார்களை ஏற்கமாட்டோம் என்ற அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். திரும்பப் பெற்றதைத் தமிழிலும் மலையாளத்திலும் எல்லாச் சந்தாதாரர்களுக்கும் அனுப்புங்கள். ஏற்கெனவே பதிவு எண் தராமல் துண்டிக்கப்பட்ட அழைப்புகளுக்கு உரியவர்களை நீங்களே திரும்ப அழைத்துப் புகாரைப் பதிந்துகொள்ளுங்கள். நோடல் அதிகாரியின் பெயரையும் எண்ணையும் ரசீதில் அச்சிடுங்கள்.

எங்கள் நோடுக்கும், அதன் கீழ் வரும் ஒவ்வொரு லைன் ஆம்ப்ளிஃபையருக்கும் தரப்படி எர்த் கம்பி இறக்குங்கள். ரேஷன் கடை மூலையில் இருப்பதைப் பார்த்து அப்படியே செய்தால் போதும். எங்கள் நோடோடு நின்றுவிடாமல், வண்ணாமடை, எருத்தேம்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம் பக்கங்களில் உங்கள் லைன் போகும் இடமெல்லாம் எர்த் இருக்கிறதா என்று சோதித்து அதன் விவரத்தை வெளியிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் இந்த வேலை முடிய வேண்டும்.

எர்த் செய்த பிறகும் உறுமல் மிஞ்சும் வீடுகளுக்கு ஐசலேட்டரை இலவசமாகக் கொடுங்கள். அதைக் கட்டணச் சேவை ஆக்காதீர்கள்.

டெக்னீஷியன்களுக்கு ஆளுக்கு ஒரு மீட்டரும் நல்ல கையுறையும் கொடுங்கள். கேபிளைக் கழற்றிக் கேட்பது, வளையத்தை மட்டும் தொட்டுப் பார்ப்பது, கசிவை அளப்பது, இந்த மூன்றையும் ஒரு மதியத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். வேறு ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே வந்து சொல்லித் தருகிறேன், பணம் வேண்டாம். அளவெடுக்க உங்கள் பொறியாளர் வரும் நாளை முன்னதாகச் சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்கு வரட்டும், மதியத்தில் வந்து நான்கு மில்லி ஆம்பியரைப் பார்த்துவிட்டுப் போகவேண்டாம்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால், எலக்ட்ரீஷியனின் சான்றையும் அளவுகளையும் தெருவாரின் கையெழுத்துகளையும் சேர்த்து, மின் பாதுகாப்பு ஆய்வாளர் அலுவலகத்திலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்போம். தாள்கள் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதிச் சந்தாதாரர் ஒருவர்,
முன்னாள் ரேடியோ, டிவி மெக்கானிக்